கண்மூடியம்மன் கோயிலில் யாரும் அசைவதில்லை

என் தம்பி கொம்பையாவோட ரெண்டு கையும் ஷேக்காகிப் போனது ஆடி மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம், அதைச் செஞ்சது நான்தான், தெரியாமத்தான் செஞ்சேன், ஆனாலும் செஞ்சேன். அந்தக் கையால ஒரு ஆளு செத்தது கார்த்திகை ரெண்டாவது செவ்வாய், அதுலயும் எனக்குப் பங்கு உண்டு, அதையும் மறைக்கப்போறதில்லை. என் பேரு செண்பகவல்லி. மாவடிக்கரை பஜார்ல பாத்திரக்கடைக்கு மாடியில ஸ்டூடியோ வச்சிருக்கேன், பாஸ்போர்ட் சைஸ்ல இருந்து காதுகுத்து, சடங்கு, கல்யாணம் வரைக்கும் எல்லாம் எடுப்பேன், 'பொம்பளை என்னத்தைப் படம் எடுத்துக் கிழிச்சிரப் போறா'ன்னு சொன்னவன் வீட்டுக் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க. நீளந்தான், இப்ப என்ன?

முதல்ல எங்க அம்மனைப் பத்திச் சொல்லிருதேன், இல்லன்னா மத்தது விளங்காது. எங்க ஊர் அம்மனுக்குக் கண்ணு மூடியிருக்கும், அதனால கண்மூடியம்மன். ஒரு காலத்துல அவளும் மத்த அம்மன்களைப் போல முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தவதான், மேலத்தெருக்காரனும் கீழத்தெருக்காரனும் முதல் விபூதி யாருக்குன்னு அவ சன்னதியிலயே வெட்டிக்கிட்டு, வெட்டினவன் ரத்தமும் வெட்டுப்பட்டவன் ரத்தமும் ஒன்னாச் சேந்து கருவறைப் படியேறி அவ பாதத்தை நனைச்சப்ப, 'சீ, இதுகளை இனிமே என்னால பாத்துக்கிட்டு இருக்க ஏலாது'ன்னு கண்ணை மூடினவ, இன்னும் தொறக்கலை. அவளாத் தொறக்குற வரைக்கும் நாம எழுப்பக்கூடாது, அரைத்தூக்கத்துல எழுப்பினா எந்தக் கோவத்துல முழிப்பாளோ, ஊர்ல ஒரு ஆளை மிச்சம் வைக்க மாட்டா. அதனால அந்தக் கல்மண்டபத்துல சன்னல் கிடையாது, கரண்டு கிடையாது, ரெண்டே ரெண்டு தூங்காவிளக்கு, வெளியே வெயில் மண்டையைப் பொளக்குற பன்னெண்டு மணிக்கு உள்ளே போனாலும் அந்திக்கருக்கலாத்தான் இருக்கும். அங்கே பிளாஷ் அடிக்கக்கூடாது. வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தன் தெரியாம செல்போன்ல பிளாஷ் அடிச்சான், ஊரே சேந்து அடிச்ச அடியில அவன் பல்லு மூணு மண்டபத்துல கிடந்துச்சு, அதைப் பொறுக்கி அவன் கையிலயே குடுத்து அனுப்பினாங்க.

ஆனா படம் எடுத்தே ஆகணும், அதுவும் வழக்கம்தான். என்னைக்காவது அவளாக் கண்ணைத் தொறப்பா இல்லையா, தொறந்து 'நான் மூடியிருந்த காலத்துல என்னல்லாம் செஞ்சீங்க'ன்னு கேப்பா இல்லையா, அதுக்காக ஒவ்வொரு செவ்வாயும் மத்தியானப் பூசையில மேளம் முழங்குறப்ப படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அவ காலடியில இருக்கிற தேக்குப் பெட்டியில வைக்கணும். எங்க அப்பா எடுத்தாரு, அவருக்குப் பிறகு நான் எடுக்கேன்.

பிளாஷ் இல்லாம அந்த இருட்டுல மேளத்தைப் படம் எடுக்குறது லேசுப்பட்ட வேலை இல்லை. தூணோட முதுகை ஒட்டி, முழங்கையை விலாவுல இறுக்கி, மூச்சை அடக்கி, ஷட்டர் தொறந்து அந்த விளக்கு வெளிச்சம் சொட்டுச்சொட்டா உள்ளே விழுற வரைக்கும் நாம கல்லா நிக்கணும். நாம நின்னாலும் எதிர்ல இருக்கிறவன் நிக்க மாட்டான்ல, அந்நேரத்துல எது அசையுதோ அது படத்துல இழுபட்டுப்போயி ஒன்னு எட்டாத் தெரியும். அதைத்தான் நாங்க ஷேக் ஆயிருச்சும்போம். கொம்பையா தவில்காரன், அந்த மூணாவது செவ்வாய்ப் படத்துல அவன் முகம் அத்தனை தெளிவு, மணிக்கட்டுக்குக் கீழே ரெண்டு கையும் ஷேக். தட்டு பிடிச்சிருந்த பூசாரி தவசிக்கண்ணுக்கு முழங்கை ஷேக். குலவை போட்டுக்கிட்டு இருந்த பூவம்மாளுக்கு நாக்கு ஷேக். இதெல்லாம் வருசக்கணக்கா நடக்குறதுதான், பிரிண்ட் போட்டுப் பெட்டியில வச்சிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் விடிஞ்சப்ப, படத்துல எது ஷேக்கோ அது ஆள்லயும் ஷேக்கா இருந்துச்சு.

ஏன்னு கேக்காதீங்க, எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கலை. கொம்பையா பொண்டாட்டி வெயிலாச்சி அப்ப ஏழு மாசம் முழுகாம இருந்தா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாடியேறி வந்து, "மதினி, இவுக கையைப் பாருங்க, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு"ன்னா. பாத்தேன். கை இருந்துச்சு, ஆனா ஒரு இடத்துல இல்லை, பக்கத்துப் பக்கத்துல எட்டு இடத்துல இருந்துச்சு, எட்டும் அவன் கைதான், எட்டுலயும் அதே தழும்பு. டம்ளரைப் பிடிச்சா டம்ளர் எட்டுத் தரம் அடிபட்டு நசுங்குச்சு, சோத்தைப் பிசைஞ்சா சோறு சுவத்துல போயி ஒட்டுச்சு, ரேஷன் கடையில ரேகை வைக்கிற மிசின் 'இவரு எட்டுப் பேரு'ன்னு கணக்குப் பண்ணிக் குழம்பிப்போயி அணைஞ்சே போச்சு, கடைக்காரரு அரிசியைப் போட்டுட்டு, "இனிமே பொண்டாட்டியை அனுப்பு தம்பி, மிசின் பாவம்"ன்னாரு. சலூன் கடைக்காரன் ஷேக்கான முழங்கைக்காரங்களுக்குன்னு கைவைக்காத நாற்காலி ஒன்னு செஞ்சு போட்டான். பூவம்மா மருமகளை ஒரு வசவு வைஞ்சா அது எட்டு வசவா விழுந்துச்சு, ஏற்கெனவே அவ வாயில மாட்டின பிள்ளை, எட்டு மடங்கு வசவுல ஒரு வாரத்துல துரும்பாப் போயிட்டா.

அந்த மருமகதான் என் காலைப் பிடிச்சா. அடுத்தடுத்த செவ்வாய் பூவம்மாளைக் குலவை போடச் சொல்லி எடுத்துப் பாத்தேன், குலவை உச்சிக்குப் போயித் திரும்புற இடத்துல நாக்கு ஒரு நொடி நின்னுச்சு, அந்த நொடியில என் விரல் விழுந்துச்சு, படம் தெளிவு, மறுநாள் விடிஞ்சப்ப பூவம்மாளுக்கு ஒத்தை நாக்கு. ரெண்டு வாரம் கழிச்சு நான் கவனம் இல்லாம அந்தப் படம் இருந்த கேமரா கார்டை அழிச்சேன், எலி பெட்டிக்குள்ள புகுந்து பிரிண்டையும் தின்னுருச்சு, அவ நாக்கு பழையபடி எட்டாச்சு. மறுபடி எடுத்துக் குடுத்தேன். அப்பத்தான் ஊருக்கு விசயம் விளங்குச்சு. ஷேக்கான படத்தை அழிச்சாலும் ஷேக் போகாது, தெளிவான படத்தை அழிச்சாத் தெளிவு போயிரும், தெளியணும்னா அதே மண்டபத்துல, மேளம் முழங்குறப்ப, பிளாஷ் இல்லாம, அசையுறதை அசையாத நொடியில பிடிக்கணும், ஒரே படத்துல ஷேக்கானது ஒரே படத்துலதான் தெளியும். இது என்ன நியாயம்னு எனக்குத் தெரியலை. நியாயம் கேக்கிற ஊரா இருந்தா அம்மன் ஏன் கண்ணை மூடுறா?

நிறுத்திரலாம்னு கமிட்டிக்காரங்ககிட்டச் சொன்னேன். "நடுவுல ஒரு செவ்வாய் விட்டுப்போனா, அன்னைக்கு என்னத்தை மறைச்சீங்கன்னு கேப்பா தாயி, நீ எடு, நாங்க அசையாம நிக்கோம்"னுட்டாங்க.

கொம்பையாவுக்கு முதல்ல அது ஒரு குறையாவே தெரியலை. அந்தக் கையை வச்சுக்கிட்டு அவன் தவில் அடிச்சா ஒரு தவில்ல எட்டுத் தவில் பேசுச்சு, நாயனக்காரரு மூச்சு வாங்கிப் பாதியில உக்காந்துட்டாரு, பக்கத்து ஊருக்காரங்க எல்லாம் வந்து வாயைப் பொளந்து நின்னாங்க. "யக்கா, நீ எடுத்த படம்தான் எனக்கு வாழ்வு"ன்னு அந்தப் பாவி சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

மேலத்தெருவுல தளவாய்னு ஒருத்தன். ஆளு வாட்டசாட்டம், கொஞ்சம் கோவக்காரன்னு அவன் ஆத்தா சொல்லுவா, கோவக்காரன் எல்லாம் இல்லை, குளுந்த மனசோட வெட்டுறவன், அதுதான் பயம். ஷேக்கான கை என்ன செய்யும்னு ஊரெல்லாம் சோத்தை வச்சும் டம்ளரை வச்சும் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, அவன் ஒருத்தன் மட்டும் அருவாளை வச்சு யோசிச்சுப் பாத்திருக்கான். ஆவணி முதல் செவ்வாய், அருவாளோட சாமியாடிக்கிட்டு மண்டபத்துக்குள்ள வந்தான், அருவாளோட ஆடுறது வழக்கம்தான், ஆனா அவன் மேல சாமியும் வரலை ஒன்னும் வரலை, நேரா என் கேமராவுக்கு முன்னால வந்து வலது கையை வீசு வீசுன்னு வீசினான். என் விரல் அமுக்கினதுக்குப் பிறகுதான் என் கண்ணு அதைக் கண்டுச்சு. மறுநாள் விடிஞ்சப்ப அவனுக்கு எட்டு வலது கை, எட்டு அருவாள்.

அந்த வெள்ளிக்கிழமையே நடந்துருச்சு. கீழத்தெரு வண்டிமலையான் சோடாக்கடை என் ஸ்டூடியோ சன்னலுக்கு நேர்கீழே, சிலம்பத்துல பேரெடுத்த மனுசன், இதுக்கு முன்னால ரெண்டு தரம் தளவாய் வெட்டை விலகியே தப்பிச்சவரு. காலையில பதினோரு மணி, பஜார் நிறைஞ்ச கூட்டம். தளவாய் வந்து நின்னான், கையை ஓங்கினான், வண்டிமலையான் சோடாப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இடப்பக்கம் விலகினாரு, இடப்பக்கமும் அருவாள் இருந்துச்சு, வலப்பக்கம் போனாரு, அங்கயும் இருந்துச்சு, குனிஞ்சாரு, குனிஞ்ச இடத்துல காத்துக்கிட்டே இருந்துச்சு. ஓங்கினது ஒரு தரம், விழுந்தது எட்டு. கழுத்துல, காதுல, தோள்ல, பிடிச்சிருந்த விரல்ல, நான் சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினேன், என்னை அறியாம எண்ணினேன், விரல் ரெண்டு உருண்டு போயிப் பாத்திரக்கடை வாசல்ல விழுந்துச்சு. சோடாவும் ரத்தமும் கலந்து நுரைச்சுக்கிட்டு சாக்கடைக்குப் போச்சு. எனக்கு அன்னைக்கு வாய் நீளம் எங்க போச்சோ தெரியலை.

சப் இன்ஸ்பெக்டர் பேரின்பராஜ் நல்ல மனுசன்தான், ஆனா சட்டப்படி போற மனுசன். "எட்டுக் காயம், எட்டும் ஒரே நேரத்துல விழுந்த காயம், அப்ப எட்டுப் பேர்"னு எழுதினாரு. அடையாளம் தெரியாத எட்டுப் பேரைத் தேடி ரெண்டு ஜீப்பு மாவட்டம் பூரா லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்குச்சு, எட்டுப் பேராச் சேந்து டீ குடிச்சவன் எல்லாம் அடி வாங்கினான். தளவாய் அந்த ஸ்டேஷன் வாசல் வழியாத்தான் தெனமும் போயி வந்தான்.

அதுக்குப் பிறகு எங்க ஊரு செவ்வாய்க்கிழமையைப் பாத்திருக்கணும். கீழத்தெரு இளவட்டங்க அருவாளைத் தூக்கிக்கிட்டு என் மாடியேறி, "எங்க கையையும் எடு, இல்ல ஸ்டூடியோவைக் கொளுத்துவோம்"னாங்க, "கொளுத்துங்கலே, கொளுத்திட்டு உங்க கல்யாணத்துக்கு எவ வந்து படம் எடுப்பான்னு பாக்கேன்"னேன், திரையை மட்டும் கொளுத்திட்டுப் போனாங்க. மத்த சனம் எல்லாம் பயந்து, நான் கேமராவைக் கண்ணுல வச்ச உடனே அப்படியே கல்லா நிக்கப் பழகிருச்சு. பிள்ளைங்க கையைத் துண்டால இடுப்போட கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க, குலவை நின்னுச்சு, கொசு கடிச்சாலும் ஒருத்தரும் அடிக்கலை, தும்மல் வந்தவன் கண்ணுல தண்ணி முட்ட அடக்கினான், மாலை கழுத்துல இருந்து நழுவி விழுந்தாக்கூடப் பிடிக்க மாட்டாங்க. இருநூறு பேர் மண்டபத்துல நிப்பாங்க, மேளக்காரங்க நாலு பேரைத் தவிர ஒரு விரல் அசையாது. தளவாய் மட்டும் வலது கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு நிப்பான், நான் தெளிவா எடுத்துருவேனோன்னு பயம்.

புரட்டாசிக் கடைசியில வெயிலாச்சிக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. கொம்பையாவுக்கு சந்தோசம்னா சந்தோசம், "எங்க, குடு"ன்னு ரெண்டு கையையும் நீட்டிட்டான், அவளும் பிள்ளை பெத்த மயக்கத்துல குடுத்துட்டா. பிள்ளை வீல்னு கத்துச்சு. தொடையில, முதுகுல, எட்டு இடத்துல ரத்தம் கட்டிப்போயி நீலமா இருந்துச்சு, ஒன்பது நாளாச்சு அது மறைய. அதுல இருந்து வீட்டுக்குள்ள வந்தா அவனே வந்து முதுகைக் காட்டி நிப்பான், வெயிலாச்சி அவன் கையைப் பின்னால சேத்துத் துண்டால கட்டிவிடுவா, அவளே சோறு ஊட்டுவா, அவன் தொட்டிலுக்குப் பக்கத்துல மண்டி போட்டு, பிள்ளையை மூக்கால முகர்ந்து பாப்பான். தவில்ல எட்டுத் தவில் பேசவச்ச பய, தகப்பன்னு பிள்ளையைத் தூக்க வழியில்லாம மோந்து பாத்துக்கிட்டு இருந்தான். அதைப் பாத்துட்டு வந்து நான் ஸ்டூடியோவுல கதவைச் சாத்திக்கிட்டு என் கையை நானே கடிச்சிருக்கேன்.

"யக்கா, தெளிவா ஒரே ஒரு படம் எடுத்துக் குடு. எனக்கு அந்த வாசிப்பெல்லாம் வேண்டாம்"னான்.

"எடுக்காம விடமாட்டேன்ல"ன்னேன்.

அஞ்சு செவ்வாய் பாத்தேன். மேளத்துல அடி ஓங்கி உச்சிக்குப் போயி இறங்கப்போறதுக்கு முந்தி ஒரு கண்ணிமைப்பு நேரம் கை நிக்கும், அந்த நிலையைத்தான் பிடிக்கணும், அதுக்குத் தாளம் தெரியணும், தாளம் எனக்குத் தெரியும், மேளக்காரனுக்கு அக்காதான நான். ஆனா தவில்ல ஒரு கை உச்சியில நிக்கிறப்ப இன்னொரு கை ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டும் சேந்து நிக்கிற நேரம்னு அந்த வாத்தியத்துல ஒன்னு கிடையாது. வலது தெளிஞ்சா இடது ஷேக், இடது தெளிஞ்சா வலது ஷேக். அஞ்சு படமும் பெட்டிக்குள்ள போச்சு, ஒன்னும் உதவலை.

கார்த்திகை ரெண்டாவது செவ்வாய், மணி பன்னெண்டேகால், மேளம் சூடு பிடிச்சிருந்துச்சு. வெயிலாச்சி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வடக்குத் தூணுக்குப் பக்கத்துல நின்னா. தளவாய் கூட்டத்துக்கு நடுவுல நடந்து வந்து எனக்கு நேரா நின்னான்.

"ஏட்டி ஸ்டூடியோக்காரி, இடது கையையும் எடு. மேளம் நிக்கக்கூடாது, வாசிங்கலே."

"எடுக்க மாட்டேன். ஒரு கையால நீ பண்ணினது போதும்."

"கீழத்தெருவுல இன்னும் பதினோரு வீடு இருக்கு. ஒரு கை பத்தலை. எடுட்டி."

"உன் ஆத்தாகிட்டப் போயிக் கேளு, இன்னொரு கை பெத்துத் தருவா"ன்னேன். சொன்னது தப்புதான், நீள வாய். அவன் முகம் ஒரு மாறுதலும் மாறலை, முதுகுக்குப் பின்னால இருந்து வலது கை வெளியே வந்துச்சு, எட்டு அருவாள் விளக்கு வெளிச்சத்துல எழும்பி என் தலைக்கு மேல விசிறி மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. நான் கேமராவைக் கண்ணுல இருந்து எடுக்கலை, எடுத்தா என் பயம் அவனுக்குத் தெரிஞ்சிரும். இங்கேதான் ஒன்னு சொல்லணும். மண்டபத்துல இருநூறு பேர் இருந்தாங்க, அவன் தனி ஆளு, நாலு பேர் பாஞ்சு பின்னால இருந்து பிடிச்சிருந்தா அன்னைக்கு ஒரு உசுரும் போயிருக்காது. என் கண்ணுல கேமரா இருந்துச்சு. கேமரா இருந்தா அசையக்கூடாதுன்னு பழகின சனம், அத்தனை பேரும் கல்லா நின்னாங்க. எங்க பெரியப்பா மகன் எனக்கு ரெண்டடி தூரத்துல நின்னான், அவன் கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுச்சு, கை எழும்பலை.

கொம்பையா மட்டும் அசைஞ்சான். அவன் கைக்கு இனிமே ஷேக்காக என்ன மிச்சம் இருக்கு? தவில் வாரைக் கழட்டித் தவிலை அப்படியே என் முகத்துக்கு முன்னால நீட்டினான், எட்டு வெட்டும் தவில்ல விழுந்துச்சு, தோல் ரெண்டும் படார்னு கிழிஞ்சுச்சு, அருவாள் பலாக்கட்டையில சிக்கிக்கிட்டு, இழுக்க வரலை. கொம்பையா ஒரு உலுக்கு உலுக்கினான் பாருங்க, அருவாள் தளவாய் கையை விட்டுப் போயிச் சுவத்துல மோதி விழுந்துச்சு. அந்தத் தவிலை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கினான், இறக்கினான். எட்டுத் தவில் இறங்குச்சு. தளவாய் தாடை ஒரு பக்கமாப் போச்சு, முட்டி மடங்கி விழுந்தான். மறுபடி தூக்கினான், இறக்கினான். நெஞ்செலும்பு முறியிற சத்தம் நாயனத்தையும் மீறிக் கேட்டுச்சு, ஆமா, நாயனம் நிக்கலை, நிக்கக்கூடாதுன்னு தளவாய்தானே சொல்லியிருந்தான், பயத்துல அவங்க வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. கீழே கிடந்தவன் வாயில ரத்தம் கொப்புளிக்க, "விட்டுருலே மேளக்காரா, விட்டுரு"ன்னான். கொம்பையா மூணாவது தரம் தூக்கினான்.

தவில் உச்சிக்குப் போச்சு. அங்கே நின்னுச்சு. ரெண்டு கையும் ஒன்னா, ஒரே உசரத்துல, ஒரே நேரத்துல நின்னுச்சு. அஞ்சு செவ்வாயா நான் தேடுன நிலை. அந்தக் கண்ணிமைப்புல நான் 'நிறுத்துலே'ன்னு ஒரு வார்த்தை கத்தியிருந்தா நின்னிருப்பான், சின்ன வயசுல இருந்து என் சத்தத்துக்கு நிக்காதவன் இல்லை அவன். நான் கத்தலை. அமுக்கினேன்.

தவில் இறங்குச்சு. அதுக்குப் பிறகு தளவாய் ஒன்னும் சொல்லலை.

மூணு மணிக்குப் பேரின்பராஜ் வந்தாரு. ஒவ்வொருத்தரா விசாரிச்சாரு, "நாங்க அசையாம நின்னோம் சார், கண்ணும் அசையலை"ன்னு இருநூறு பேரும் ஒரே மாதிரிச் சொன்னாங்க, மேலத்தெருக்காரனும் அதைத்தான் சொன்னான், தளவாய் செத்ததுல அவனுக்கும் பாரம் குறைஞ்சிருக்கும்போல. அவரு உக்காந்து காயத்தை எண்ணினாரு. "இருபத்திநாலு. அடையாளம் தெரியாத இருபத்திநாலு பேர்"னு எழுதினாரு. எழுதிட்டு, பேனாவை மூடிக்கிட்டே என்னைப் பாத்தாரு. "செவ்வாய்க்கிழமைப் படம் எடுத்திருப்பீங்களேம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வீட்டுக்கு வரேன், அதைப் பாக்கணும்."

கோயில் சந்துல எங்க வீடும் கொம்பையா வீடும் ஒட்டினாப்புல. விளக்கு வைக்கிற நேரம், கார்டைக் கையில எடுத்துக்கிட்டு அங்கே போனேன். அவன் கையைப் பின்னால கட்டி வெயிலாச்சி முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா, துண்டெல்லாம் ரத்தம்.

"அழிச்சிரட்டுமால?"ன்னேன். "அழிச்சா அவங்களுக்கு ஒன்னும் கிடைக்காது. இருபத்திநாலு பேரைத் தேடிக்கிட்டே கிடப்பாங்க."

"கை?"

"இப்படியேதான் இருக்கும். இனிமே அந்த மாதிரி ரெண்டு கையும் சேந்து எங்க நிக்கப்போகுது?"

"அழிக்கலைன்னா?"

"விடிஞ்சாத் தெளிஞ்சிரும். பத்து மணிக்கு அவரு வருவாரு."

"அழிச்சிருங்க மதினி"ன்னு வெயிலாச்சி என் கையைப் பிடிச்சா. "கை இல்லாட்டி என்ன கெட்டுப்போச்சு? நான் ஊட்டுதேன், நான் குளிப்பாட்டி விடுதேன், பிள்ளையை நான் தூக்கிக்கிடுதேன். ஆளு வீட்டுல இருந்தாப் போதும் மதினி. அழிச்சிருங்க."

கொம்பையா தொட்டிலைப் பாத்துக்கிட்டே பேசினான். "ரெண்டாவது அடிக்குப் பிறகு நிறுத்தணும்னுதான் நினைச்சேன் யக்கா. கை நிக்கலை. எட்டுக் கை, நான் ஒருத்தன் சொன்னாக் கேக்குமா? இந்தக் கையை வச்சிருந்தா நாளைக்குக் கீழத்தெருக்காரன் வந்து அருவாளைக் குடுப்பான், நான் வேண்டாம்பேன், அவன் நாலு சொல்லு சொல்லுவான், நான் வாங்குவேன். எனக்குத் தெரியும். அழிக்காத."

"ஏ பாவி, ஆயுள் தண்டனைல அது"ன்னு நான் அழுதேன்.

"பத்து மணிக்குத்தானே வருவாரு? அதுவரைக்கும் பிள்ளையை வச்சுக்கிடுதேன். அழிக்காத யக்கா."

வெயிலாச்சி என் கையை விட்டுட்டு, துண்டுல விட்டுப்போன முடிச்சைப் போட்டா. கார்டை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

விடிஞ்சப்ப சந்துக்குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். கொம்பையா கை கழுவிக்கிட்டு இருந்தான். ரெண்டே ரெண்டு கை. விரல்ல காய்ப்பு, நகத்தடியில கறுப்பு, எல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு. சோப்புப் போட்டான், கழுவினான், மறுபடி சோப்புப் போட்டான். அரைமணி நேரம் கழுவிட்டு, துண்டுல ஈரம் போக ஒத்தி, உள்ளே போயித் தொட்டிலுக்குள்ள கையை விட்டு, இத்துனூண்டு அசைவு இல்லாமப் பிள்ளையைத் தூக்கினான். தூக்கித் தோள்ல போட்டான், எடுத்து மடியில போட்டான், காலைப் பிடிச்சுப் பாத்தான், ஒவ்வொரு விரலா எண்ணினான், பிள்ளை அவன் சுண்டுவிரலைப் பிடிச்சு வாயில வச்சுச்சு. வெயிலாச்சி அடுப்படியில நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. இட்லி அவிச்சு எடுத்துட்டு வந்து, "கை தெளிஞ்சிருச்சுல்ல, நீங்களே சாப்பிடுங்க"ன்னா. அவன் பிள்ளையைக் கீழே விட மனசில்லாம, "இன்னைக்கும் நீயே ஊட்டு"ன்னான்.

பத்து மணிக்கு ஜீப்பு வந்துச்சு. ராத்திரியே போட்ட பிரிண்ட் என் கையில இருந்துச்சு, குடுத்தேன். பேரின்பராஜ் பாத்தாரு, படத்துல தூக்கின தவிலையும், தவிலைப் பிடிச்ச ரெண்டு கையையும், கீழே கிடக்கிறவன் முகத்தையும் ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் நிமிர்ந்து கொம்பையா மடியில இருந்த கையைப் பாத்தாரு.

"கையை நீட்டுப்பா"ன்னாரு.

"பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு சார். கையை எடுத்தா முழிச்சிரும். அதுவா முழிக்கட்டும், வாரேன்."

கூட வந்த ஏட்டையா கோவமா ஏதோ சொல்லப்போனாரு, சப் இன்ஸ்பெக்டர் வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, தொப்பியைக் கழட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாரு. சந்துல விசயம் பரவிருச்சு. மிக்சியை நிறுத்தினாங்க, டிவியை நிறுத்தினாங்க, மீன்காரம்மா கூவாம வந்து கூவாமப் போனா. நான் அம்மன்கிட்ட, ஆமா, அந்தக் கண்ணை மூடினவகிட்டத்தான், இந்தப் பிள்ளை இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் தூங்கணும்னு வேண்டினேன்.

பதினொன்னே முக்காலுக்குப் பிள்ளை முழிச்சுச்சு. முழிச்சு, தகப்பன் முகத்தைப் பாத்துச் சிரிச்சுச்சு. அவன் ஒரு தரம் முகர்ந்து பாத்துட்டு, வெயிலாச்சி கையில குடுத்துட்டு, எந்திரிச்சு ரெண்டு கையையும் நீட்டினான். விலங்கு ஒரே தடவையில மாட்டிருச்சு.